எல்லாமே கப்பி அல்ல

மலேசியாவின் பட்டர்வொர்த் வட்டாரத்தில் மாக் மண்டின் என்றால் தொழிற்பேட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். மழைநீரை வடிக்க வெட்டிய சிமெண்டு வாய்க்கால்களும், அவற்றுக்குள் அடக்கப்பட்டுவிட்ட பழைய ஓடைகளும் செபராங் பிறையின் தாழ்நிலம் முழுவதும் தெருக்களை ஒட்டியே ஓடுகின்றன. இப்படிப்பட்ட நீரில் விரல் நீளம்கூட வளராத மீன்கள் கூட்டமாகத் திரிவதைப் பார்க்கலாம். என்ன மீன் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: கப்பி. சிலர் 'லொங்காங் மீன்' என்பார்கள். சாக்கடையில் கிடப்பதற்கு வேறு பெயர் எதற்கு என்ற தொனியில். சிக்கல் அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது. கப்பி தென் அமெரிக்காவின் வடபகுதியையும் டிரினிடாட் தீவையும் தாயகமாகக் கொண்ட மீன். அதே வாய்க்காலில் அதற்குப் பக்கத்திலேயே, யாரும் கொண்டுவந்து விடாத, இந்த மண்ணுக்கே உரிய மீன்களும் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டால் உள்ளூர் மீன் இருந்ததும் தெரியாது, இல்லாமல் போனதும் தெரியாது. ஆகவே ஓர் ஓடையைக் காக்க வேண்டுமா, மூடிப் பாதை போட்டுவிடலாமா என்ற விவாதத்துக்கு முன்னால், அதில் நீந்துவது எது என்று சொல்லத் தெரிய வேண்டும். எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதும் கூடவே தெரிய வேண்டும். பலரும் தவறுவது, தெரிந்ததற்கு மேல் ஒரு படி கூடுதலாகச் சொல்லிவிடுவதால்தான்.

முதலில் எளிதாகப் பிரிக்கக்கூடிய ஒன்று. மலாய்க்காரர்கள் 'கெப்பாலா தீமா' என்று அழைக்கும் சிறுமீனின் அறிவியல் பெயர் அப்லோகீலஸ் பஞ்சக்ஸ். கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன்தான் இதை முதலில் விவரித்தவர். இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை இது பரவியிருக்கிறது. நன்னீரிலும் வாழும், அலையேற்றத்தில் உப்புக் கலக்கும் முகத்துவார வாய்க்காலிலும் வாழும். இதன் உச்சந்தலையில் வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டு இருக்கும். நீர்மட்டத்தை ஒட்டியே மிதக்கும் மீன் என்பதால் கரையில் நின்று பார்த்தாலே அந்தப் பொட்டு மின்னுவது தெரியும். வலை எதுவும் வேண்டியதில்லை. கையில் கண்ணாடிக் குடுவை இருந்தால் இன்னும் இரண்டு அடையாளங்களைப் பார்க்கலாம். முதுகுத் துடுப்பு சின்னது, வால் பக்கமாகப் பின்தள்ளி அமைந்தது, அதன் அடியில் ஒரு கரும்புள்ளி உண்டு. வயிற்றுக்குப் பின்னால் உள்ள குதத் துடுப்போ அகன்ற அடிப்பகுதி கொண்டது. கப்பியில் இது அப்படியே மாறிவிடுகிறது: முதுகுத் துடுப்பு நடு முதுகுக்குப் பக்கமாக நிற்கும், குதத் துடுப்பின் அடி குறுகியிருக்கும், ஆண் மீனில் அந்தத் துடுப்பு ஒரு குச்சிபோல நீண்டு இனச்சேர்க்கை உறுப்பாக ஆகிவிட்டிருக்கும். தலையில் பொட்டு கிடையாது. இந்த நான்கில் இரண்டைப் பார்த்துவிட்டாலே போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகூட இரண்டையும் பிரித்துவிடலாம்.

கப்பியோடு இன்னொரு விருந்தாளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொசுமீன் என்று பல நாடுகளில் பெயர் பெற்ற கம்பூசியா, வட அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்டது. பெண் கம்பூசியாவும் பெண் கப்பியும் சாம்பல் நிறத்தில், வயிற்றில் கருப்பு நிழலோடு, ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுமே முட்டை இடாமல் குட்டி போடுபவை. பஞ்சக்ஸ் முட்டையிடும். இதை வைத்துக்கொண்டு 'குட்டி போட்டால் அந்நிய மீன், முட்டையிட்டால் உள்ளூர் மீன்' என்று ஒரு சுருக்குவழி சொல்லிக் கொடுக்கிறவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தென்கிழக்காசிய ஓடைகளில் அது செல்லாது. கீழ்த்தாடை மட்டும் ஊசியாக நீண்டிருக்கும் டெர்மோஜெனிஸ் என்ற சிறுமீன் பேரினம், மலாய் மொழியில் 'ஜூலோங்-ஜூலோங்', இந்தப் பகுதிக்கே உரியது. அதுவும் குட்டி போடுகிறது. ஒரே ஓர் அடையாளத்தில் தொங்கிக்கொண்டு முடிவுக்கு வருவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த மீன் ஒன்றே போதிய சான்று.

'கொசுப்புழுவைத் தின்றால் சரி, அது எந்த ஊர் மீனாக இருந்தால் என்ன?' என்று கேட்கலாம். டெங்கி பரவும் ஊரில் இது நியாயமான கேள்விதான். மலேசியாவில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் கொசு ஒழிப்புக்காகக் கப்பியையும் கம்பூசியாவையும் வாய்க்கால்களிலும் கிணறுகளிலும் விட்டிருக்கிறார்கள். ஆனால் நீர்மட்டத்தில் வாழ்ந்து, மேல்நோக்கிய வாயால் மிதக்கும் புழுக்களையும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும் பஞ்சக்ஸ் அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருகிறது. அதற்கென்று எங்கிருந்தும் மீன் தருவிக்க வேண்டிய தேவையே இல்லை. தருவித்ததன் விளைவு என்ன என்பதற்கும் வெளியே சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு 1920-களில் கொசு ஒழிப்புக்காகக் கொண்டுபோன கம்பூசியா, குவீன்ஸ்லாந்தின் எட்ஜ்பாஸ்டன் ஊற்றுகளில் மட்டுமே வாழும் சிவப்புத்துடுப்பு நீலக்கண் என்ற சிறுமீனை அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டது. ஒவ்வோர் ஊற்றாக அது நுழைய நுழைய, உள்ளூர் மீன் ஒவ்வோர் ஊற்றாகக் காணாமல் போனது. உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தொகுத்த 'மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள்' பட்டியலில் கம்பூசியாவின் பெயரும் இருக்கிறது. கொசுவுக்காக மீன் விட நினைக்கும் எந்த ஊராட்சியும் முதலில் கேட்க வேண்டியது, அந்த வாய்க்காலில் ஏற்கெனவே பொட்டுத் தலையன் இருக்கிறானா என்பதைத்தான்.

அடுத்த மறுப்பு இன்னும் பலமானது: தொழிற்பேட்டைச் சாக்கடையில் உள்ளூர் மீன் எங்கே மிஞ்சியிருக்கப் போகிறது, அதெல்லாம் காட்டோடைச் சமாச்சாரம் அல்லவா? பாதி உண்மை. காட்டின் நிழலும் குளிர்ந்த தெளிநீரும் இல்லாமல் வாழ முடியாத மீன்கள் உண்டு. அவை நகரத்தை விட்டுப் போய்விட்டன. ஆனால் தென்கிழக்காசியாவின் சதுப்புகளும் நெல்வயல்களும் வேறொரு கூட்டத்தை உருவாக்கி வைத்திருக்கின்றன. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, செவுளுக்கு மேலே உள்ள சிக்கலான மடிப்பு உறுப்பில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் மீன்கள் இவை. மலாய்க்காரர்கள் 'புயு' என்பதும் தமிழர்கள் பனையேறி என்பதுமான மீன், 'செபாட்', சண்டை மீன்கள், குறட்டை மீன் எனப்படும் ட்ரைகாப்சிஸ் எல்லாம் இந்தக் குடும்பத்தின் சுற்றத்தார். விராலும் காற்றைக் குடிக்கும். தேங்கிய, அழுகிய இலை நிறைந்த நீரைத் தாங்குவது இவற்றுக்குப் பழக்கமான வேலை. நச்சுக் கழிவு கலந்தால் இவையும் செத்துப்போகும் என்பது வேறு. ஆனால் 'அழுக்கு நீர், அதனால் அந்நிய மீன்' என்ற கணக்குத் தப்பு. பனையேறியின் பெயரே ஒரு பழைய வழக்கு. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், பனை மரத்தின் பிளவில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதியது லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1797-இல் வெளிவந்தது. மரம் ஏறியதா, பறவை கொத்தித் தூக்கிப்போய்ப் போட்டதா என்று பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். எப்படியானாலும், ஈரத்தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி நகர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகிற மீன் அது. அந்த முள்விளிம்புதான் இன்றைக்கும் அதை அடையாளம் காணச் சரியான குறி.

இனிச் சிரமமான பகுதிக்கு வருவோம். சிறுமீன்களைப் பார்க்கிறவர் கண் முதலில் போவது நிறத்தின் மேல். நிறமோ மிக மோசமான சாட்சி. ஒரே மீன் பயந்தால் ஒரு நிறம், முட்டை காக்கும்போது வேறு நிறம், இருண்ட வாளியில் போட்டால் இன்னொரு நிறம். செத்தபின் கெட்டுப்போகாமல் இருக்கத் திரவத்தில் ஊறவைத்தால் சிவப்பும் நீலமும் போய் வெறும் பழுப்பு மட்டும் மிஞ்சும். வயதோடு கோலம் மாறுவது இன்னொரு பொறி. மலாயத் தீபகற்பத்தின் ஓடைகளில் எங்கும் காணப்படும், பார்போடஸ் பைனோடேட்டஸ் என்று வழங்கிவரும் கெண்டைக் குடும்பத்துச் சிறுமீனின் குஞ்சுகளுக்கு உடலில் பல கரும்புள்ளிகள் இருக்கும். வளர வளர அவை குறைந்து, முதிர்ந்த மீனில் ஒன்றிரண்டு மங்கலாக நிற்கும், சிலவற்றில் அதுவும் இராது. புள்ளிகளை எண்ணி இனத்தைப் பிரிக்கப் போனால் தாயும் பிள்ளையும் இரண்டு இனங்கள் ஆகிவிடும். அதைவிட வேடிக்கை தோமான் எனப்படும் பெரிய விரால். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய இந்தக் கொடுமையான வேட்டைமீனின் குஞ்சுகள் செந்நிறத்தில், பக்கவாட்டில் கருங்கோடுகள் ஓட, கூட்டமாக நீந்தும். ஓடையில் பார்க்கிறவர் 'அழகான சின்ன மீன்' என்று எழுதிவைப்பார். ஆகவே கையில் இருப்பது சிறிய இனமா, பெரிய இனத்தின் சிறு வயதா என்பதைத் தீர்க்காமல் வேறெந்தக் கேள்விக்கும் போகக் கூடாது. உடலின் ஆழத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம், வாயின் திசை, மீசை இழைகள் எத்தனை சோடி, துடுப்புகள் எங்கே தொடங்குகின்றன, பக்கவாட்டுக் கோட்டில் எத்தனை செதில்கள் என்பவைதாம் நிறத்தைவிட நிலையானவை. 'செலுவாங்' எனப்படும் ரஸ்போரா மீன்களில் இவைகூடப் போதாது. சுமத்ராவிலிருந்து விவரித்த ரஸ்போரா சுமத்ரானா என்ற பெயரைத் தீபகற்பத்து மீன்களுக்கும் நெடுங்காலம் ஒட்டியிருந்தார்கள். கூர்ந்து பார்த்தபோது அந்த ஒரே பெயருக்குள் பல மீன்கள் ஒளிந்திருந்தது தெரியவந்தது. வெள்ளி உடலில் ஒரு கருங்கோடு ஓடும் மீனைக் கண்டு 'செலுவாங்' என்று நிறுத்திக்கொள்கிறவர் சரியாகச் சொல்கிறார். முழுப் பெயரையும் சொல்லிவிடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இதே பிழையை நிபுணர்களே செய்து, அறுபது ஆண்டுகள் திருத்தாமல் வைத்திருந்த கதை பினாங்கிலேயே நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த தியடோர் கேன்டர் என்ற டேனிஷ்காரர், பினாங்குத் தீவிலும் அன்று 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்று அழைக்கப்பட்ட எதிர்க்கரையிலும், அதாவது இன்றைய செபராங் பிறையிலும், விலங்குகளைச் சேகரித்தார். மலாயா மீன்களின் பட்டியலை 1849-இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். அதில் பினாங்கு ஓடை மீன் ஒன்றுக்கு மேக்ரோபோடஸ் பக்னாக்ஸ் என்று பெயர் கொடுத்தார். சயாமில் பந்தயம் கட்டிச் சண்டைக்கு விடும் மீனும் அவருக்குத் தெரியும். அதையும் இதே இனத்தின் ஒரு வகை என்று கருதிச் சேர்த்துவிட்டார். தோற்றத்தில் இரண்டும் உறவுதான். ஆனால் குணத்தில் தொலைவு அதிகம். சயாம் சண்டை மீன் தேங்கிய நீரின் மேல் நுரைக்கூடு கட்டி முட்டைகளை அதில் ஒட்டவைக்கும். பினாங்கு மீனோ ஓடும் நீரில், கரையோர இலைக்குவியலுக்குள் வாழும். ஆண் மீன் முட்டைகளை வாயில் அடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவரும்வரை பட்டினி கிடக்கும். லண்டன் அருங்காட்சியகத்தின் சார்லஸ் டேட் ரீகன், ஆசியாவின் இந்த மீன் குடும்பம் முழுவதையும் ஆராய்ந்து 1910-இல் வெளியான கட்டுரையில்தான் முடிச்சை அவிழ்த்தார். கேன்டரின் பெயர் பினாங்கு மீனுக்கே உரியது. அது இன்று பெட்டா பக்னாக்ஸ். சயாம் மீனுக்குத் தனிப் பெயரே இல்லாமல் இருந்தது. ரீகன் அதற்கு பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ் என்று பெயரிட்டார். இன்று உலகம் முழுவதும் கடைகளில் விற்கும் அலங்காரச் சண்டை மீனின் பெயர் அப்படி வந்ததுதான். அதே கட்டுரையில் அவர் பெயரிட்ட இன்னொரு மீனைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

இந்த வரலாற்றில் ஒரு நடைமுறைப் பொருள் இருக்கிறது. அறிவியல் பெயர் ஒரு மாதிரி மீனோடும் அது கிடைத்த இடத்தோடும் கட்டப்பட்டது. பெட்டா பக்னாக்ஸ் என்றால் என்ன என்று உலகில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், தீர்ப்புக்குத் திரும்ப வேண்டிய இடம் பினாங்கு. அந்தத் தேவை உண்மையாகவே வந்தது. தீபகற்பத்தின் வெவ்வேறு ஓடைகளில் வாயில் முட்டை காக்கும் பழுப்புநிறச் சண்டை மீன்களை எல்லாம் பல காலம் பக்னாக்ஸ் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1990-களிலிருந்து அவற்றை மறுபடி கூர்ந்து பார்த்தபோது, ஜொகூரிலிருந்து பெட்டா புல்க்ரா, திரெங்கானுவிலிருந்து பெட்டா ஸ்டிக்மோசா என்று புதுப் பெயர்கள் வந்தன. சிங்கப்பூர், மலேசியா, புருணை சண்டை மீன்களைப் பற்றி டான், இங் என்ற ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு இந்தப் பிரிப்பில் முக்கியமானது. பினாங்கின் மீன் இன்னும் ஓடையில் நீந்திக்கொண்டிருந்தால்தான் மற்றவை அதிலிருந்து வேறு என்று ஒருவர் காட்ட முடியும். தண்ணீர்மலை முருகன் கோயிலை ஒட்டி இறங்கும் ஓடைகள், ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் பக்கத்துச் சிற்றோடைகள் எல்லாம் இந்தக் கோணத்தில் பார்த்தால் அளவுகோல் வைத்திருக்கும் இடங்கள். பினாங்கு மலைப்பகுதியை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது பலருக்குத் தெரியும். அந்த மலையில் பெயர் பெற்ற ஒரு சிறுமீன் உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்த மீனையும் தாழ்நிலத்து நெல்வயல், சதுப்புகளில் வாழும் பெட்டா இம்பெல்லிஸ் மீனையும் பிரிப்பது கடினம் அல்ல. இம்பெல்லிஸ் சின்னது, உடலில் நீலப்பச்சை மின்னல், வால் ஓரத்தில் சிவப்புப் பிறை, நுரைக்கூடு கட்டும் குணம். பக்னாக்ஸ் பெரிய தலையும் பழுப்பு உடலும், செவுள் மூடியில் பச்சை மினுக்கமும் கொண்டது. எங்கே பார்த்தோம் என்பதே இங்கே பாதி விடை: ஓடும் காட்டோடையா, தேங்கிய வயல்நீரா?

சரி, இவ்வளவு எதற்கு, கைப்பேசியில் படம் எடுத்தால் செயலி சொல்லிவிடாதா? சொல்லும், சில நேரம் சரியாகவே சொல்லும். பஞ்சக்ஸ் போல உலகமெங்கும் படங்கள் குவிந்திருக்கும் மீனில் அது வல்லது. ஆனால் செயலி பார்ப்பது படத்தை மட்டும்தான். மீன் எந்த நீரில் இருந்தது, செதில்கள் எத்தனை, வாயில் முட்டை இருந்ததா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. அது கற்றுக்கொண்ட படங்களில் தொட்டியில் வளர்த்த, நிறம் ஏற்றப்பட்ட மீன்கள் நிறைய. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்களின் நல்ல பழக்கம், பதிவை இனம் வரை தள்ளாமல் பேரினத்திலோ குடும்பத்திலோ நிறுத்திக்கொள்ள இடம் கொடுப்பது. அந்த இடத்தைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. மரபணு வழியும் இதே குணமுடையதுதான். விலங்குகளின் ஒரே மரபணுத் துண்டை, ஏறக்குறைய 650 எழுத்துகள் நீளமுள்ளதைப் படித்து இனத்தைச் சொல்லலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பால் ஹீபர்ட் குழு 2003-இல் முன்வைத்தது. ஒரு வாளித் தண்ணீரில் கரைந்திருக்கும் மரபணுவிலிருந்தே அங்கே என்ன மீன் இருந்தது என்று இன்று கண்டுபிடிக்க முடிகிறது. அந்த எழுத்துவரிசையை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் கேள்வி. சேமிப்பில் ஏற்கெனவே யாரோ ஒருவர் ஒரு மீனைக் கையில் பிடித்து, துடுப்பெண்ணிப் பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். அவர் சுமத்ராவின் பெயரைப் பினாங்கு மீனுக்கு எழுதியிருந்தால், எந்திரம் அதையே பிழையின்றித் திருப்பிச் சொல்லும்.

பெயர்கள் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன, இன்று கற்றது நாளை செல்லாது, பின் எதற்குக் கற்பது என்ற சலிப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மாறியது எது என்று பார்த்தால் சலிப்பு குறையும். கிளாரியஸ் பாட்ராக்கஸ் என்ற நடக்கும் கெளுத்தி இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை ஒரே இனம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2008-இல் இங், கோட்டலா என்ற ஆய்வாளர்கள் மாதிரிகளை மறுபடி ஆராய்ந்து, பாட்ராக்கஸ் என்ற பெயர் ஜாவா மீனுக்கு மட்டுமே உரியது, இந்தியாவின் மீன் ஹாமில்டன் 1822-இலேயே பெயரிட்ட மாகுர் என்று காட்டினார்கள். நம் ஊர்க் குளத்துக் கெளுத்தி அதனால் துளியும் மாறவில்லை. மாறியது பெயரைத் தாங்கிய எல்லைதான். மேலே சொன்ன 'மோசமான 100' பட்டியலிலும் இந்தப் பாட்ராக்கஸ் இடம்பெற்றிருக்கிறது. ஓரிடத்தில் படையெடுக்கும் மீன் இன்னோரிடத்தில் சொந்த மீன் என்பதையும் அது காட்டுகிறது. தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்தது. தாமிரபரணியின் நீண்ட துடுப்பிழை கொண்ட கெண்டையை சைலாஸ் 1954-இல் காவிரி மீனின் உள்ளினமாகத்தான் விவரித்தார். இன்று அது டாக்கின்சியா தம்ப்ரபர்னியை என்ற தனி இனம். அப்படிப் பிரித்த நாளிலிருந்து அது தாமிரபரணிக்கு மட்டும் உரிய ஒரு மீன். ஆற்றுக்கு ஏதாவது நேர்ந்தால் வேறெங்கிருந்தும் ஈடுசெய்ய முடியாத மீன். பெயர் மாற்றம் காகித விளையாட்டு என்று சொல்கிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை எதிர்கொள்ள வேண்டும்.

'உள்ளூர் மீன்' என்பதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. ரீகன் 1910-இல் பெயரிட்ட இன்னொரு மீன் 'செபாட் சியாம்'. சயாம், மேக்காங் சமவெளிகளுக்கு உரிய இது, நெல்வயல் மீன் வளர்ப்புக்காக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, கருவாடாகி, கடைத்தெருவில் இடம்பிடித்து, தலைமுறைகளாக இந்த ஊர் மீன் என்றே ஆகிவிட்டது. உள்ளூருக்கே உரிய செபாட்டோ வேறு: உடலில் இரண்டு கரும்புள்ளிகள், ஒன்று நடுவில், ஒன்று வால் அடியில். செபாட் சியாமின் உடலில் சாய்ந்த பட்டைகளும் தலையிலிருந்து வாலை நோக்கி உடைந்து ஓடும் ஒரு கருங்கோடும் இருக்கும். செபாட் சியாமை இனி வெளியேற்ற முடியாது, வெளியேற்றச் சொல்வதும் என் வாதம் அல்ல. பேதத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஒரு வயல் வாய்க்காலில் பத்து ஆண்டுக்கு முன் புள்ளிச் செபாட் இருந்தது, இன்று செபாட் சியாம் மட்டுமே இருக்கிறது என்றால் அந்த வாய்க்காலுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. இரண்டையும் 'செபாட்' என்றே எழுதிய குறிப்பேட்டிலிருந்து அந்தச் செய்தியைப் படிக்க வழியில்லை. 'இக்கான் பண்டாராயா' என்று கிண்டலாகப் பெயர் பெற்ற, தொட்டியிலிருந்து தப்பிய தென் அமெரிக்க உறிஞ்சுமீன்கள், பண்ணையிலிருந்து வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலாப்பியா ஆகியவற்றைப் பற்றி இங்கே நீட்டத் தேவையில்லை. அவை எல்லாம் உருவத்தால் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். சிறுமீன்களுக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் ஓடையருகே நிற்கும் சாதாரண ஆள், ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் என்ன எழுதலாம்? மீனை அள்ளிக்கொண்டுபோய் வளர்க்கத் தேவையில்லை. சமதளப் பக்கங்கள் கொண்ட ஒளிபுகும் சிறு பெட்டியில் ஓடை நீரையே நிரப்பி, அதில் மீனை விட்டு, துடுப்புகள் விரிந்திருக்கும்போது பக்கவாட்டில் ஒரு படமும், தலைப்பொட்டு தெரிய மேலிருந்து ஒரு படமும், அருகில் ஓர் அளவுகோலோடு எடுத்தாலே போதும். எடுத்த பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். நீர் ஓடுகிறதா, தேங்கியதா, நிழலா, வெயிலா, அலையேற்றம் எட்டும் இடமா என்பதையும் நாளையும் இடத்தையும் படத்தோடு சேர்த்து எழுத வேண்டும். பல ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்க்கும் ஆராய்ச்சியாளருக்கு நாம் கொடுத்த பெயரைவிட இந்தக் குறிப்புகள்தாம் உதவும். தீபகற்ப மீன்களுக்கு மோசினும் அம்பாக்கும் 1983-இல் எழுதிய நூலும், பிற்பாடு வந்த களக் கையேடுகளும் நூலகங்களில் கிடைக்கும். அவற்றில் இனத்தை உறுதிசெய்ய முடிந்தால் இனத்தை எழுதலாம். முடியாவிட்டால் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். 'அப்லோகீலஸ் பஞ்சக்ஸ், தலைப்பொட்டு தெளிவாகத் தெரிந்தது' என்று ஒரு வரியும், அடுத்த வரியில் 'செலுவாங் வகை, கருங்கோடு உண்டு, இனம் உறுதியில்லை, படம் இணைப்பு' என்றும் எழுதினால் போதும். இரண்டாவது வரியைப் பின்னால் வருகிற ஒருவர் திருத்தத் தேவையில்லாமல், விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கலாம்.